நாம் எந்த ஊர்?

மஃரிப் தொழுகைக்குப் பின்னர் மக்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓத வேண்டிய இடத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன தம்பி?" என்றேன்.

"ஏனுங்க ஹஜ்ரத், நாம எந்த ஊருங்க?"

"தொண்டாமுத்தூர்தான். இதிலென்ன சந்தேகம்?"

"இல்லீங்க, அதுக்கு முன்னாடி? நீங்கெல்லாம் வேற எங்கிருந்தோ வந்தவங்கன்னு கூடப் படிக்கிற பையன் சொல்றானுங்க."

அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பெரியவர் யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்லியிருப்பான். வருத்தமெல்லாம் என் மீதுதான். வரலாற்றில் பட்டம் பெற்றவன் நான். பக்தாதின் நூலகங்களைப் பற்றியும் குர்துபாவின் பள்ளிவாசலைப் பற்றியும் பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். காலடியில் கிடக்கும் மண்ணைப் பற்றி ஒரு நாளேனும் சொன்னதில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு பழைய ஏடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் கரும்பலகையில் படம் வரைந்து தொடங்கினேன். கோவை நகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது நம் ஊர். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. கிழக்கே மட்டும் வாசல். மேற்கே நிற்கும் வெள்ளியங்கிரி மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து நிறுத்துவதால், மலைமேல் மழை கொட்டும்போதும் கோவைச் சமவெளி வறண்டே கிடக்கும். அந்த மலை நீரே பெரியாறு, சின்னாறு முதலிய ஓடைகளாய் இறங்கி, கூடுதுறையில் கலந்து நொய்யலாகிறது. காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். பேரூர், கோவை, திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது.

அந்த நீரை நம் முன்னோர் வீணாக ஓடவிடவில்லை. சித்திரைச்சாவடியில் அணை கட்டி, வாய்க்கால் பிரித்து, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று ஒரு குளம் நிரம்பி மறுகுளத்துக்கு நீர் செல்லுமாறு அமைத்தார்கள். நம் ஊர்ப் பாக்கும் தென்னையும் வாழையும் சின்ன வெங்காயமும் அந்த ஈரத்தில் விளைந்தவை. குடிக்கும் சிறுவாணித் தண்ணீரோ மலைக்கு அப்பால், கேரளத்தை நோக்கி ஓடும் ஆற்றினுடையது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அது நம்மிடம் வருகிறது. நம் வீட்டுக் குடத்தில் இருக்கும் நீரே வெளியூரிலிருந்து வந்ததுதான் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிறகு மனிதர்களைப் பற்றிச் சொன்னேன். பாலக்காட்டுக் கணவாய் என்னும் வாசல் இருப்பதால், மேற்குக் கடற்கரைக்கும் கொங்குநாட்டுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளாக வணிகர் நடந்திருக்கிறார்கள். நம் கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் 1842ஆம் ஆண்டு புதையலாகக் கிடைத்தன. அந்த வாசல் வழியாகவும் வடக்கேயுள்ள மலைப்பாதைகள் வழியாகவும் உழவரும் வணிகரும் போர்வீரரும் வந்தார்கள். தெலுங்கு பேசுவோரும், கன்னடம் பேசுவோரும், மலையாளம் பேசுவோரும் வந்து இம்மண்ணில் வேரூன்றினார்கள். ராவுத்தர் என்னும் சொல்லுக்கே குதிரை வீரர் என்பது பொருள். தமிழ் பேசும் ராவுத்தரும் உருது பேசும் தக்கனியரும் இவ்வரிசையில் வந்தவர்களே. இங்கே மிகப் பழமையானவர் யாரென்று கேட்டால், மலையடிவாரத்தில் வாழும் இருளர் மக்களைத்தான் சொல்ல வேண்டும். அவர்களோ யாரையும் பார்த்து, "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்பதில்லை.

ஆட்சிகளும் வந்து போயின. 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின்னர் கொங்குநாடு கும்பினியார் வசமாயிற்று. பவானியையும் தாராபுரத்தையும் தலைமையிடமாகக் கொண்டிருந்த இரு பகுதிகளை இணைத்து 1804இல் கோவை மாவட்டத்தை அமைத்தார்கள். 1868இல் நீலகிரி, 1956இல் கொள்ளேகால், 1979இல் ஈரோடு, 2009இல் திருப்பூர் என்று அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. எல்லைக்கோடுகள் இத்தனை முறை மாறியும், குடியிருந்த மனிதர் அவரவர் வீட்டிலேயே இருந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோவை மாவட்ட மக்கள் 34,58,045 பேர். ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிசமம். நால்வரில் மூவர் நகர்ப்புறத்தார். நம் தோட்டங்களும் ஒவ்வொன்றாய் வீட்டுமனைகளாகி வருவதைக் கண்ணெதிரே பார்க்கிறோம்.

சிறுவன் துள்ளி எழுந்தான். "அப்படின்னா அவனும் வந்தவன்தானுங்களே ஹஜ்ரத்! நாளைக்கே போய்ச் சொல்றேனுங்க!"

எனக்குச் சுருக்கென்றது. மருந்தென்று எண்ணி நான் கொடுத்ததை அவன் ஆயுதமாக எடுத்துக்கொண்டான். அவனை அருகில் அழைத்து உட்கார வைத்தேன். மனிதர்களைப் பல கிளைகளாகவும் குலங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் கற்பிப்பதை விளக்கினேன். "இது அவனை மடக்குவதற்குச் சொன்னதல்ல, தம்பி. அவனோடு சேர்ந்து உட்கார்ந்து படிப்பதற்குச் சொன்னது" என்றேன். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, அல்லாஹ்வே அறிவான்.

ஒரு வாரம் கழித்து அவனே வந்தான். "அந்தப் படத்தை அவன்கிட்டக் காட்டினேனுங்க. அவங்க தோட்டத்துக்கு வாய்க்கால் எங்கிருந்து வருதுன்னு அவனுக்கே தெரியலீங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் அவங்க அப்பாகூட சித்திரைச்சாவடிக்குப் போறோமுங்க" என்றான். அல்ஹம்துலில்லாஹ்!

பெற்றோர்களே, "நாம் எந்த ஊர்?" என்று உங்கள் பிள்ளையும் ஒருநாள் கேட்கும். அன்று தடுமாறாமலிருக்க, ஊரின் ஆற்றையும் குளத்தையும் வரலாற்றையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு அலுவலர் வாசலுக்கு வரும்போது, ஒரு பெயரும் விடுபடாமல் கணக்குக் கொடுங்கள். எண்ணப்படுவதும் ஊரோடு நமக்குள்ள உறவுக்கு ஒரு சாட்சிதான். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். திருப்பூருக்குக் கீழே சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டை நாடறியும். 2011இல் உயர்நீதிமன்றமே தலையிட்டுச் சாய ஆலைகளை மூட உத்தரவிட நேர்ந்தது. மேல்மடையில் இருக்கும் நாம் நீரைப் பேணினால்தான் கீழ்மடையில் இருப்பவருக்குக் கிடைக்கும்.

ஊரை நம்முடையது என்று வாயால் வாதிடுவதைவிட, அதன் தண்ணீரைக் காப்பது மேலான பதில். அந்தப் பதிலைச் சொல்லும் பிள்ளைகளாக நம் மக்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.