எந்த வெள்ளை உங்கள் வீட்டுக்கு?

தீபாவளி நெருங்கினால் வீட்டுக்குச் சாயம் அடிக்கும் பேச்சு வந்துவிடும். கடையில் போய் வெள்ளைச் சாயம் கேட்டால், பால் வெள்ளை, தந்த வெள்ளை, சாம்பல் வெள்ளை என்று அட்டை நிறையக் காட்டுவார்கள். எதை எடுப்பது?

வெள்ளையில் இரண்டு வகை உண்டு. துளி மஞ்சளோ சிவப்போ கலந்தது வெதுவெதுப்பான வெள்ளை. நீலமோ சாம்பலோ கலந்தது குளிர்ந்த வெள்ளை. இது நமக்குப் புதிதல்ல. லயத்து வீட்டுக்கு அடிக்கும் சுண்ணாம்பில், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றுவார்களே, அதுதான் குளிர்ந்த வெள்ளை.

நாங்கள் தாமானில் வரிசை வீடு வாங்கியபோது, வீடு முழுக்கச் சாம்பல் வெள்ளையே போதும் என்றார் என் கணவர். வெயில் நாட்டுக்குக் குளிர்ச்சி என்பது அவர் எண்ணம். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்குப் பின்னறை. அவரைக் கேட்டேன்.

“லயத்துல நம்மளக் கேட்டா அடிச்சாங்க? ஒங்க இஷ்டம்மா” என்றார்.

அந்தச் சொல் என் மனத்தைத் தைத்தது. இரண்டு நிறத்திலும் சிறிய டின் வாங்கி, பள்ளியில் பயன்படுத்தும் மணிலா அட்டையில் இரண்டு பூச்சு அடித்துக் காயவைத்தேன். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் அறைக்கு அறை மாட்டிப் பார்த்தோம்.

மேற்கு பார்த்த முன்கூடத்தில் மாலை வெயில் பட்டதும் தந்த வெள்ளை மஞ்சள் தண்ணீர் போல் ஆனது. சாம்பல் வெள்ளை கண்ணுக்கு இதமாக இருந்தது. வெயிலே எட்டாத அம்மாவின் அறையிலோ அதே சாம்பல் வெள்ளை மழை மூட்டம் போல் இருண்டது. அம்மா தந்த வெள்ளையைத் தொட்டு, “இதுலதான் மனுச மூஞ்சி நல்லாத் தெரியுது” என்றார். முன்கூடத்துக்கு ஒன்று, அம்மா அறைக்கு மற்றொன்று என்று முடிவாயிற்று.

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். ஈரத்தில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் சாயம் காய்ந்தால் பெரும்பாலும் சற்று அடர்ந்துவிடும். விளக்கையும் கவனியுங்கள். எல்.இ.டி. விளக்குப் பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் பாய்ந்த வெளிச்சம்; 3000 என்றிருந்தால் மஞ்சள் வெளிச்சம். சன்னலுக்கு வெளியே செம்பனை நெருங்கி நின்றால், அந்தப் பச்சையும் சுவரில் படியும். இன்னொன்று, குளிர்ந்த நிறம் அடிப்பதால் வீட்டுச் சூடு குறையாது. அது கூரையையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவரைக் கேளுங்கள். சம்பளம் கொண்டுவராதவராக இருந்தாலும் கேளுங்கள். “ஒங்க இஷ்டம்” என்று சொன்னால், அட்டையைக் கையில் கொடுத்து இன்னொரு முறை கேளுங்கள்.