எலியட்டின் பிளாட்டினம்

1919ல் எழுதிய 'மரபும் தனித்திறனும்' கட்டுரையில் எலியட் கவிஞனின் மனத்தைப் பிளாட்டினத் துண்டுக்கு ஒப்பிட்டார். அதன் முன்னிலையில் இரண்டு வாயுக்கள் கூடி அமிலமாகின்றன; பிளாட்டினம் மட்டும் மாறுவதில்லை. லாய்ட்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே இதை எழுதினார் என்பதால், வங்கிக் குமாஸ்தாவான எனக்கு அந்தக் கட்டுரைமேல் சற்று அதிகப்படியான பிரியம். ஆனாலும் அந்த 'மாறுவதில்லை' நெருடிக்கொண்டேயிருக்கிறது.

திட அமிலங்களைப் பற்றி ரசாயனக்காரர்கள் கண்டிருப்பது வேறு. பெட்ரோலியத்தை உடைக்கப் பயன்படும் ஒய் வகை ஜியோலைட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் அம்மோனிய வடிவத்தைச் சூடேற்றினால் அம்மோனியா வெளியேறுகிறது; சிலிக்கனுக்கும் அலுமினியத்துக்கும் இடையிலுள்ள ஆக்ஸிஜனில் ஒரு புரோட்டான் தங்குகிறது. அதுதான் அமிலம். அகச்சிவப்பு நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 3640, 3540 அலைகளை ஒட்டிய கோடுகளாக அது தென்படும். சுமார் 500 டிகிரி செல்ஷியஸைத் தாண்டிப் போகப்போகக் கோடுகள் மங்குகின்றன. இரண்டு ஹைட்ராக்ஸில்கள் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறாக வெளியேறிவிடுகின்றன.

அமிலம் செத்துவிட்டதா? பிரிடின் என்ற காரத்தை உள்ளே அனுப்பி விசாரிக்கிறார்கள். 1963ல் பாரி காட்டிய வழி இது. புரோட்டானைத் தரும் இடத்தில் பிரிடின் 1540ஐ ஒட்டிக் கோடு போடும். எலெக்ட்ரான் இணையை ஏற்கும் இடத்தில் 1450ஐ ஒட்டி. சூடு ஏற ஏற முன்னது தேய்கிறது, பின்னது வளர்கிறது. கொடுக்கும் அமிலம் ஏற்கும் அமிலமாகிவிட்டது.

12 வருஷமாக ஒரு வரியும் எழுதாத கவிஞர் ஒருவர் என் நண்பர். 'வற்றிவிட்டார்' என்பது நம் வட்டத்தின் தீர்ப்பு. அவர் பட்ட சூடு எது என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் கையெழுத்துப் பிரதியோடு அவரிடம் போனவர்களுக்குத் தெரியும், ஒரு சொல்லைக்கூட விடாமல் அவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று. தீர்ப்புச் சொன்னவர்கள் ஒரே கோட்டைத் தேடியவர்கள்.

இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. இன்னும் சூடேற்றினால் படிகச் சட்டகமே இடிந்துவிடும். தாங்கவைக்க ஒரு வழி உண்டு. நீராவியில் பதப்படுத்தினால் சட்டகத்திலிருந்து அலுமினியம் கொஞ்சம் வெளியேறும். காலியான இடத்தைச் சிலிக்கன் நிரப்பும். சட்டகம் நிற்கும், அமில இடங்கள் குறைந்துபோகும். ஸ்திரம் இழப்பில்லாமல் வருவதில்லை.

வருஷம் தவறாமல் தொகுப்புப் போடும் ஸ்திரமான கவிஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வாசிக்கும்போது, எது வெளியேறியிருக்கிறது, அந்த இடத்தை எது நிரப்பியிருக்கிறது என்று கேட்க வேண்டும். மாறவே மாறாத மனம் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.