வாய் பிளக்கும் மூலைகள்

காட்டுப்பள்ளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும்தான். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர்கள் 2010-இல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைச் சொல்வார்கள். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும். இரண்டு பக்கமும் உப்புநீர் சூழ்ந்த ஒடுங்கிய மணல்பட்டை அது. மீஞ்சூரிலிருந்து அங்கே போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரம் கட்டுவதிலேயே நேரம் போய்விடும். இந்தச் சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு தச்சுப் பட்டறையில் சமையலறை அலமாரிக் கதவுகள் செய்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் போனேன்.

கதவு என்று நான் சொன்னதை அங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது ‘ஷட்டர்’. பலகை ஷட்டர், கண்ணாடி ஷட்டர், மைட்டர் ஷட்டர். மூன்றாவதுதான் விவகாரமானது. படச்சட்டம் போல நான்கு பக்கச் சட்டங்களின் முனைகளையும் 45 டிகிரிக்கு வெட்டி மூலையில் சேர்த்து, நடுவே பேனல் வைத்த கதவு. பார்வைக்கு அதை மிஞ்ச வேறில்லை. மரத்தின் ரேகை மூலையில் திரும்பி அடுத்த சட்டத்தில் தொடர்வது போலிருக்கும், வெட்டுமுனை எங்கும் தெரியாது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் புதிதாக எழும் அடுக்ககங்களில் குடியேறுகிறவர்கள் செல்பேசியில் படத்தைக் காட்டி, “இதே மாதிரி வேணும்” என்று கேட்கிறார்களாம்.

பட்டறையை நடத்தும் ஆசாரி கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வெட்டும் மெஷினில் நின்ற இளைஞர் பீகாரிலிருந்து வந்தவர். இவர் ‘நூல்’ என்பதை அவர் ‘சூத்’ என்கிறார். இரண்டும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் என்பதால் வேலை தடையில்லாமல் நடக்கிறது. இளைஞர் முதலில் நான்கு துண்டுகள் சும்மா வெட்டினார். கழிவுக் கட்டைதான். அவற்றைச் சேர்த்து மேசைமேல் வைத்து மூன்று மூலைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான்காவதைக் காட்டினார். உள்ளே ஒரு அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி.

“பாத்தீங்களா சார், மெஷின் அரை டிகிரி தப்பா இருந்தாக்கூட இப்படித்தான்” என்றார் ஆசாரி.

ஒரு ஷட்டருக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் 4 டிகிரி வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு நாள் காலையிலும் இந்தச் சோதனை நடக்கிறது. அளவுக்கட்டை ஒன்றை மெஷினில் பூட்டி வைத்திருக்கிறார்கள். எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் அதில் முட்டி நின்றுதான் வெட்டுப்படுகின்றன. கோணம் சரியாக இருந்தும் நீளம் ஒரு மயிரிழை வித்தியாசப்பட்டால் மூலை சேராது. ஒட்டிய பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்துக் குறுக்களவு பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நான்கு மூலையும் செங்கோணம்.

பசை பூசுவதில் ஒரு நுணுக்கம் பார்த்தேன். வெட்டிய முனை, மரத்தின் நுண்குழாய்கள் திறந்து நிற்கும் இடம். பசையை உறிஞ்சிக் கொள்ளும். ஒருமுறை தடவி உடனே ஒட்டினால் உள்ளே எதுவும் மிஞ்சாது. முதலில் மெல்லிய பூச்சு, சற்றுப் பொறுத்து இரண்டாவது, அப்புறம்தான் சேர்ப்பு. சேர்த்ததும் கிளாம்ப் போட்டார்கள். கிளாம்ப் பற்றாத ஷட்டருக்கு நைலான் கயிற்றைச் சுற்றி, இடையில் குச்சி செருகி முறுக்கி இறுக்கினார் இன்னொருவர். காய்ந்தபின் மூலையில் ரம்பத்தால் கீறி, மெல்லிய மரப்பட்டையைப் பசையோடு செருகி, துருத்தும் பகுதியை இழைத்துவிடுகிறார்கள். வெறும் பசையை நம்பும் மைட்டர் மூலை நீடிக்காது; அதைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டைதான்.

இவ்வளவு செய்தும் மூலை பிளக்கிறது. ஏன் என்று கேட்டதும் ஆசாரி ஒரு சட்டத்துண்டை எடுத்துக் காட்டினார். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அகலத்தில் மட்டும் ஈரம் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். 45 டிகிரியில் வெட்டிய முனையில் நீளம் மாறாமல் அகலம் மட்டும் குறைந்தால் அந்தக் கோணம் 45 ஆக இருக்காது, குறைந்துவிடும். எதிரே சேர்ந்த சட்டத்துக்கும் இதே கதி. இரண்டும் கூடி 90 டிகிரி வராது. வெளிமூலை ஒட்டியிருக்கும், உள்மூலை வாய் பிளக்கும். மழைக்காலத்தில் நேர் எதிர். சட்டம் விரிந்து, உள்மூலை முட்டிக்கொண்டு வெளிமூலை விலகும். எந்தப் பக்கம் பிளந்திருக்கிறது என்று பார்த்தே கதவு காய்ந்ததா, ஊறியதா என்று சொல்லிவிடுவாராம். வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் அதைத்தான் பார்ப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

கணக்கும் எளிது. ஈரப்பதம் 1 சதவீதம் மாறினால் தேக்குப் பலகை அகலத்தில் ஏறத்தாழ 0.2 சதவீதம் அசையும். 16 சதவீத ஈரத்தில் செய்த கதவு ஏ.சி. ஓடும் வீட்டில் 12-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டேகால் அங்குலச் சட்டம், அதாவது 57 மி.மீ., அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். மூலையில் இரண்டு சட்டங்களின் சுருக்கமும் சேர்வதால் பிளவு அதைவிடப் பெரிது, 0.65 மி.மீ. வரும். சட்டத்தை மூன்றரை அங்குலமாக்கினால் பிளவு 1 மில்லிமீட்டரைத் தொடும். கண்ணுக்குத் தெரியும், நகம் மாட்டும். செல்பேசிப் படத்தில் அழகாகத் தெரிகிற பட்டையான சட்டம்தான் இங்கே முதல் எதிரி.

அப்படியென்றால் சட்டத்தை ஒன்றரை அங்குலமாகக் குறைத்துவிடலாமே? கீல் விடாது. இப்போது எல்லா வீடுகளிலும் போடும் ஆட்டோ ஹிஞ்ச்சுக்குக் கதவின் பின்பக்கம் 35 மி.மீ. விட்டத்தில் வட்டக்குழி எடுக்க வேண்டும். விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி எடுத்தால் குழி முடிவது 40-இல். சட்டத்தின் உள்விளிம்பில் பேனல் உட்காரும் காடி இன்னொரு 10 மி.மீ. தின்னும். ஆக, 50-க்குக் கீழே போனால் குழியும் காடியும் மோதிக்கொள்ளும். ஈரம் ‘அகலம் வேண்டாம்’ என்கிறது, கீல் ‘குறுக்காதே’ என்கிறது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் இடம்தான் இரண்டிலிருந்து இரண்டரை அங்குலம். வெளிநாட்டு ஷட்டர் கம்பெனிகளின் பட்டியல்களில் இரண்டேகால் அங்குலம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஏதோ வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த இடைவெளியில் கச்சிதமாக உட்காரும் எண் அது என்பது இங்கே வந்து குழியையும் காடியையும் தொட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. கனமும் அப்படித்தான். குழியின் ஆழம் 12 மி.மீ. அளவுக்கு வரும். ஆறு நூல் கனம், அதாவது 19 மி.மீ., இருந்தால் முன்பக்கம் 7 மி.மீ. மிஞ்சும். முகப்பில் ஆழமாகக் கொத்துவேலை கேட்பவர்கள் குழிக்கு நேரே மரம் பொத்துப்போகும் என்பதை யோசிப்பதில்லை.

அடுத்தது மரம். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் தேக்குத்தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதன்பின் சந்தையில் ‘கானா’, ‘நைஜீரியா’, ‘ஈக்வடார்’ என்று நாட்டுப் பெயரோடு வருவதெல்லாம் பெரும்பாலும் தோட்டத்தில் வளர்ந்த இளம் தேக்கு. கெட்டுப்போன மரம் இல்லை, ஆனால் உள்ளே எவ்வளவு ஈரம் என்பதுதான் கேள்வி. ஆசாரி இரண்டு ஊசி வைத்த ஈரமானியைப் பலகையில் குத்திக் காட்டினார். பரணில் அடுக்கிக் காயவைத்தது 13. புதிதாக வந்து இறங்கிய கட்டு 19. கண்ணுக்கு இரண்டும் ஒரே மரம். மரவேலைக்கு எவ்வளவு ஈரம் அனுமதிக்கலாம் என்பதற்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 287 இருக்கிறது. நாட்டைக் காற்றின் ஈரத்தை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டலத்துக்கு ஏற்ற அளவைச் சொல்கிறது. ராஜஸ்தானுக்குச் சரியான கதவு காட்டுப்பள்ளிக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் ஆவணம் அது. ஆர்டர் தாளில் அதைக் குறிப்பிட்டவர் யாரையும் தான் பார்த்ததில்லை என்றார்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் பெட்டிகளும் பேலட்டுகளும் பிரித்த பைன் கட்டை மலிவாகக் கிடைக்கும். அதில் ‘எச்.டி.’ என்ற முத்திரை இருந்தால் சிலர் உலர்த்திய மரம் என்று எண்ணி வாங்கி வருகிறார்கள். அந்த முத்திரை, கட்டையின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பூச்சிகளைக் கொன்றார்கள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. “புழு செத்துரும் சார், ஈரம் சாகாது” என்றார் ஆசாரி. வாடிக்கையாளரே கொண்டு வந்து தரும் மரம் என்றால் மைட்டர் வேலையே எடுப்பதில்லையாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வட சென்னை வீடுகளுக்குள் புகுந்தபோது, ஊறிப்போன அலமாரிகளை மாற்ற ஒரே நேரத்தில் ஏகப்பட்ட ஆர்டர். பொங்கலுக்குள் வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். மழையில் நனைந்த காற்றில், ஆறப்போட நேரமில்லாமல் செய்த கதவுகள் ஆனி மாத மேல்காற்றில் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஆள் போனது. போன நாளுக்குக் கூலி கிடையாது. கடைசித் தவணைப் பணத்தைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. மரத்தூளும் மெழுகும் குழைத்துப் பிளவை அடைத்தவர்கள், மழை திரும்பியதும் அது பிதுங்கி வந்ததற்கும் ஏச்சு வாங்கினார்கள்.

இந்தக் கூலியில்லா நாட்கள்தான் என்னை அந்த ஆர்டர் தாள் பக்கம் இழுத்துப் போயின. ஆசாரி இப்போது வைத்திருப்பது பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்ட தாள். முதல் வரி, உயரமா அகலமா எது முன்னால். கதவுக் கடையில் 7-க்கு 3 என்றால் உயரம் முதலில். வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து எழுதும் இன்டீரியர்காரர்கள் அகலத்தை முதலில் எழுதுவார்கள். 24-க்கு 15 என்று வந்த தாளை எப்படி வாசித்தாலும் ஒரு கதவு கிடைக்கும், தப்பான கதவும் கிடைக்கும். அதனால் அம்புக்குறி போட்டு ‘உ’, ‘அ’ என்று எழுத வைக்கிறார். அடுத்து, அளவு அலமாரியின் வாய்க்கா, முடிந்த ஷட்டருக்கா. அதற்கும் கீல் விவரம் வேண்டும். 0 கிராங்க் கீல் என்றால் ஷட்டர் பக்கப் பலகையை முழுதும் மூடும், 8 என்றால் பாதி, 16 என்றால் ஷட்டர் உள்ளே அமரும். இது தெரியாமல் அளவு சொன்னால் வெட்டவே முடியாது. இரட்டை ஷட்டருக்கு நடுவே ஒரு நூல் சந்து. பேனலுக்குப் பசை போடுவதில்லை, காடிக்குள் விளையாட இடம் விட்டே வைப்போம் என்று ஒரு வரி. பேனலைச் சட்டத்தில் சேர்க்கும் முன்பே பாலிஷ் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியும். முன்னும் பின்னும் ஒரே அளவு பாலிஷ், ஒருபக்கம் மட்டும் அடித்தால் கதவு வளையும். கடைசியாக, மூலையில் மயிரிழைக் கோடு விழுவது குறையாகாது என்று எழுதி வாடிக்கையாளர் கையெழுத்து.

கடைசி வரியைப் பார்த்துச் சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்களாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் பொடி எழுத்தில் அச்சடிக்கும் அதே நிபந்தனைதான் இது. நோட்டுத்தாளில் ஆசாரி எழுதினால் மட்டும் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று தோன்றிவிடுகிறது.

எம்.டி.எஃப். பலகையில் மெஷின் வைத்து மூலைக்கோடு கீறி, மேலே படலம் ஒட்டிய போலி மைட்டர் கதவும் சந்தையில் உண்டு. சேர்ப்பே இல்லாததால் பிளக்காது, தண்ணீர் பட்டால் வீங்கும். எனக்குப் பிடித்தது நம் பழைய தேக்குக் கதவுகளின் வழி. சட்டங்களைக் கழுந்தும் துளையுமாக நேராகச் சேர்த்துவிட்டு, உள்ளோரம் ஓடும் மெல்லிய வளைவுப்பட்டையை மட்டும் 45 டிகிரியில் முடித்திருப்பார்கள். அரை அங்குலப் பட்டை சுருங்கினால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? கடலோர வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முழு மைட்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் சட்டத்தை இரண்டரை அங்குலத்துக்குள் நிறுத்துங்கள். மரத்தில் ஈரமானியை உங்கள் முன்னால் குத்தச் சொல்லி, அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். மூலையில் கோடு விழுந்தால் ஒரு மழையும் ஒரு வெயிலும் கழியட்டும், அதன் பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள். வந்தவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுத்து அனுப்புங்கள்.