சங்கொலிக்கு விழும் அருவி

அருவியைக் காணச் சென்ற எங்களுக்கு முதலில் அருவி காட்சி தரவில்லை.

இத்தாலியின் நடுப்பகுதியிலே, உம்பிரியா மாநிலத்துத் தெர்னி நகருக்கு அண்மையில், மார்மொரே என்னும் நீர்வீழ்ச்சி உண்டு. மூன்று படிகளாக 165 மீற்றர் உயரத்திலிருந்து விழுவது. அதனைச் சூழ்ந்த வனமும் மலைப்பாதைகளும் இன்று நுழைவுச்சீட்டுப் பெற்றுச் செல்லவேண்டிய பூங்காவாக இருக்கின்றன. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் என் தங்கையும் நானும் உரோமாபுரியிலிருந்து புகையிரதத்திற் சென்றோம். அவள் அந்நகரிலே பதினொரு ஆண்டுகளாக முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்பவள். அத்தனை ஆண்டுகளில் அவள் கண்ட இத்தாலி, வேலை செய்யும் வீடும் தேவாலயமும் பணம் அனுப்பும் கடையுந்தான். அந்தப் பணத்திலே வீடு கட்டிக்கொண்டவன் நான். இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

வாயிலைக் கடந்து அண்ணாந்து பார்த்தோம். பாசி படர்ந்த பெரும்பாறை. அதன்மேல் நூலிழைபோற் கசியும் நீர். அவ்வளவே.

"அண்ணை, தண்ணி எங்கை?" என்றாள் தங்கை.

பக்கத்திலே ஒரு பலகை. அருவி இத்தனை மணிக்குத் திறக்கப்படும், இத்தனை மணிக்கு மூடப்படும் என்று அதில் எழுதியிருந்தது, கடை வாசலில் தொங்கும் அறிவித்தலைப்போல. இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மரத்தடியில் அமர்ந்து, கொண்டுவந்த சோற்றுப் பொதியை அவிழ்த்தபடி, நான் படித்திருந்த கதையை அவளுக்குச் சொன்னேன்.

இந்த அருவி இயற்கை தந்ததன்று. கி. மு. 271ஆம் ஆண்டிலே மானியுஸ் கூரியுஸ் தெந்தாத்துஸ் என்ற உரோமத் தலைவன், ரியெத்திச் சமவெளியில் தேங்கிச் சதுப்பாய்க் கிடந்த வெலினோ ஆற்றுநீரை வடிப்பதற்காகக் கால்வாய் அகழ்வித்து, மலைவிளிம்பிலிருந்து நேரா ஆற்றினுள் விழச்செய்தான். அந்நிலத்துச் சபீன மக்களைக் கி. மு. 290இல் வென்று அடக்கியவனும் அவனே. கால்வாய்க்கு அவன் பெயர் வழங்குகிறது. மண்வெட்டி பிடித்தவர்களுள் ஒருவன் பெயர்தானும் சரித்திரத்தில் இல்லை. மேலேயுள்ளவர்களின் வெள்ளம் வடிந்தது. கீழே தெர்னியிலிருந்தவர்களுக்கு அது புதிய தொல்லையாயிற்று. இரு ஊராருக்கும் மூண்ட வழக்கிலே, கி. மு. 54இல் ரியெத்தி மக்களுக்காக வாதாடியவர் சிசரோ. ஊர்களுக்கிடையிலான தண்ணீர்ச் சண்டை எந்த நாட்டிலும் பழையதுதான் போலும்!

1817இல் இங்கு வந்த ஆங்கிலக் கவிஞர் பைரன் கண்டது, இரவும் பகலும் ஓயாது விழுந்த அருவி. அதன்பின் கைத்தொழிலின் காலம் வந்தது. இந்த நீரின் விசையை நம்பி 1884இல் தெர்னியிலே உருக்காலை எழுந்தது. 1920களின் இறுதியிற் கல்லெத்தோ நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. அன்றுதொட்டு வெலினோவின் நீர் பெரும்பாலும் குழாய்களுக்குள் இறங்கிச் சுழலிகளைச் சுற்றுகிறது. பார்வையாளருக்கென அறிவிக்கப்பட்ட நேரத்தில் மட்டும் அது பாறைக்குத் திரும்புகிறது.

நான் சொல்லி முடிக்குமுன் சங்கு ஊதியது. ஆலைச் சங்கேதான், தங்கை திடுக்கிட்டு எழுந்து நின்றாள். சில கணம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் உச்சியில் ஒரு வெண்கோடு தோன்றிற்று. அது தடித்தது, பிளந்தது, பாறை முழுவதையும் மூடிற்று. பள்ளத்தாக்கெங்கும் பேரிரைச்சல். புகைபோல எழுந்த நீர்த்திவலைகள் எங்கள் முகத்தை நனைத்தன. மழைச்சட்டை அணிந்த குழந்தைகள் கூவினர். தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் கடைசியாகக் கேட்டது அவள் நாட்டைவிட்டுப் புறப்படுமுன் எப்போதோ.

வழுக்கும் படிகளில் ஏறி, மலையைக் குடைந்த ஒரு சுரங்கவழியாற் சென்றால் 'காதலர் மாடம்' என்ற இடம் வருகிறது. நேரா என்ற நங்கையை யூனோ தேவி சபித்து ஆறாக்கினாள் என்றும், அவளை அடைய வெலினோ என்ற இடையன் உச்சியிலிருந்து பாய்ந்தான் என்றும் ஒரு கதையுண்டு. அழகான கதைதான். ஆயினும் கால்வாய் வெட்டியவர்களைப் பற்றி இப்படியொரு கதை கட்ட எவருக்கும் தோன்றவில்லையே என்று எண்ணினேன்.

அங்கே நனைந்து நின்றபோது என் மனம் தலவாக்கலைக்குச் சென்றது. அவ்வூர்ப் பாடசாலையொன்றில் நான் சிலகாலம் படிப்பித்தேன். சென் கிளயர் நீர்வீழ்ச்சி அண்மையில் இருந்தமையால், 'அருவியின் அழகு' என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுத்தேன். தோட்டத்துச் சிறுமி ஒருத்தி மூன்று வரிதான் எழுதினாள்: அருவியின் சத்தம் இரவில் லயத்துக்குக் கேட்கும், அம்மா பீலியடியில் வாளியோடு வரிசையில் நிற்பாள், பீலியில் தண்ணீர் வராது. 'விடயத்தை விட்டு விலகியுள்ளது' எனச் சிவப்பு மையால் எழுதி, இருபதுக்கு நான்கு புள்ளி போட்டேன். 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் அந்த அருவியும் நேரங்கணித்துத் திறந்துவிடப்படும் அருவியாயிற்று. அழகு போயிற்றே என்று அன்று நானும் பலரோடு சேர்ந்து வருந்தினேன். அந்த வருத்தத்திடையே அச்சிறுமியின் பீலி எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. "இருவதும் போட்டிருக்கலாம்" என்றுமட்டும் சொன்னாள்.

பிற்பகலிற் சங்கு மீண்டும் ஊதியது. அருவி உடனே நின்றுவிடவில்லை. மெலிந்து மெலிந்து நூலாயிற்று. ஈரப்பாறையிலிருந்து சொட்டும் ஒலி தனித்தனியே கேட்டது. தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு மணிக்குள் கிழவியம்மாவுக்கு மருந்து கொடுக்கவேண்டும். விடுமுறை நாளானாலும் அது அவள் பொறுப்பு.

"இப்ப அந்தத் தண்ணி எங்கை, அண்ணை?"

"குழாய்க்குள்ளை. மின்சார நிலையத்துக்குப் போகுது."

"வேலைக்குப் போட்டுது எண்டு சொல்லுங்கோ" என்று மழைச்சட்டையை உதறி மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ் வந்துகொண்டிருந்தது. இருவரும் ஓடினோம்.