சிங்கைச் சாப்பாட்டுக் கடைகளிலே

சிங்கப்பூருக்குப் புறப்படும் பிள்ளையிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் சம்பளத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னரே, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்றுதான் கேட்பார்கள். பசியைக் குறித்த கவலை மட்டுமன்று அது. உள்ளே செல்லும் கவளம் ஆகுமானதா என்ற அச்சமும் அதில் கலந்திருக்கிறது. அந்நகரில் சில வாரங்கள் தங்கி, பெரிய ஓட்டல்களை விடுத்துச் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளையே நாடி உண்டு வந்தபோது, அக்கேள்விக்கு எளிதாகவே விடை கிடைத்தது. ஆயினும், அந்த விடைக்குப் பின்னே வேறொரு கேள்வி நிற்பதையும் காண நேர்ந்தது.

தமிழ் முஸ்லிம்களுக்குச் சிங்கப்பூர் அந்நிய மண் அன்று. ஆங்கிலேயர் 1819இல் அங்கே வணிக நிலையம் அமைத்தனர். அதன்பின் ஏழு ஆண்டுகளுக்குள், நம் கடற்கரை ஊர்களிலிருந்து சென்றவர்கள் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவிவிட்டார்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் ஆண்டகை நினைவாக ஒரு தர்காவையும் எழுப்பினார்கள். தொழுவதற்கு இடம் கண்டவர்கள் உண்பதற்கும் இடம் காணத்தானே வேண்டும்? பள்ளிவாசலின் நிழலிலே சாப்பாட்டுக் கடைகளும் தழைத்தன. பெயர்ப் பலகையில் 786 என்ற எண், கல்லாவிலே தொப்பி அணிந்த முதலாளி, ஒரு ஸலாம், அதற்கொரு பதில் ஸலாம். அக்காலத்தில் அவ்வளவே போதுமான சான்றாக இருந்தது.

அந்தப் பழமையின் சாயலை இன்றும் காண விரும்புவோர், சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில் நிற்க வேண்டும். 1908ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ஸம் ஸம் உணவகம் அங்கேதான் இருக்கிறது. மாவைக் காற்றிலே வீசி மெல்லிய துணிபோல் விரித்து, அதனுள் கொத்திய இறைச்சியும் முட்டையும் வெங்காயமும் வைத்து மடித்து, கல்லில் நெய் விட்டுச் சுடுகிறார்கள். முர்தபா என்று பெயர். மடிக்கப்பட்டது எனப் பொருள்படும் 'முதப்பக்' என்ற அரபுச் சொல்லின் மருவு அது என்பர். அரபுப் பெயர், இந்தியக் கைப்பக்குவம், மலாய் மண். ஒரு தட்டிலே மூன்று கடற்கரைகள் சந்திக்கின்றன.

மீ கோரேங்கின் கதையும் இத்தகையதே. மஞ்சள் மீ சீனருடையது. கோரேங் என்றால் வறுத்தல் என்பது மலாய். மிளகாய்ச் சாந்தைச் சேர்த்துச் சிவக்கப் புரட்டி எடுக்கும் கரண்டியோ நம்மவர் கையில் இருக்கிறது. இது தமிழகத்திலிருந்து கப்பலேறிய பண்டம் அன்று; அங்கேயே பிறந்த பிள்ளை. பீச் ரோட்டில் உள்ள கோல்டன் மைல் உணவு நிலையத்திலே, சிவந்த குழம்பில் வெந்த ஆட்டெலும்பைக் கையில் ஏந்தி, உறிஞ்சு குழலால் உள்ளிருக்கும் மஜ்ஜையை இழுத்து உண்பவர்களைக் கண்டேன். சூப் துலாங் என்னும் அதனை உண்டபின், கை கழுவினாலும் சிவப்பு எளிதில் நீங்குவதில்லை. பிறகு, இரு குவளைகளுக்கிடையே நீளமாக இழுத்து ஆற்றிய தே தாரிக். நம் ஊர் டீ மாஸ்டரின் கை அங்கேயும் அதே உயரத்திற்குத்தான் எழுகிறது.

இக்கடைகளிற் பல ஒரு காலத்தில் தெருவோரத்தில் இருந்தவை. கழுவ நீரின்றி, கழிவை வாய்க்காலில் கொட்டி வாழ்ந்த தெரு வியாபாரிகளை 1968, 1969ஆம் ஆண்டுகளில் அரசு பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை அவர்களைப் படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றியது. தண்ணீர், மின்சாரம், கூரை, மேசை யாவும் கிடைத்தன. தேக்கா நிலையம் 1982இல் எழுந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உண்ணும் இந்தப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரே கூரை என்றதும் நம்மவருக்கு ஐயம் எழுவது இயற்கை. அதற்கும் அந்நகரம் வழி கண்டிருக்கிறது. 1968இல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. இறைச்சி எங்கிருந்து வந்தது, எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது, சமையலறையில் எது எதனோடு சேருகிறது என்பவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே அது கடைச் சுவரில் ஏறும். உண்டபின் தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்திலும் ஹலால் தட்டுக்கு ஓரடுக்கு, மற்றதற்கு வேறோரடுக்கு. முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் ஒரு நாட்டில் இந்த அக்கறை சாதாரணமானதன்று. பழைய தலைமுறையின் அச்சத்தை ஒரு சிறு தாள் போக்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் தாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? சுல்தான் பள்ளிவாசலிலிருந்து சில நிமிட நடையில் ஹாஜி லேன் என்றொரு சந்து உண்டு. கப்பலேறி மக்கா சென்ற காலத்தில், ஹஜ்ஜுப் பயணிகள் கூடித் தங்கிய வட்டாரம் அது. இன்று அச்சந்தில் இரவு நேரங்களில் மதுக்கூடங்களின் இசை ஒலிக்கிறது. பெயர் ஹாஜியுடையது, புழக்கம் வேறு. எழுதி வைத்த பெயரும் நடக்கின்ற நடப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்பதில்லை என்று அங்கே எண்ணிக் கொண்டேன்.

இதற்கு மாறான ஒரு காட்சியை ஓர் உணவங்காடியில் கண்டேன். அங்கெல்லாம் பானக் கடைகளில் பீரும் விற்பதுண்டு. நண்பகலில் இடம் தேடித் தட்டோடு நின்றிருந்தேன். ஒரு மேசையில் சீன முதியவர் ஒருவர் புட்டியை முன்வைத்து அமர்ந்திருந்தார். மது பரிமாறப்படும் இடத்தில் அமரலாகாது என்பது நமக்கிட்ட கட்டளையாதலால் நான் நகர முற்பட்டேன். அவர் என் தொப்பியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் புட்டியையும் குவளையையும் எடுத்துக்கொண்டு, மேசையைத் தாமே துடைத்துவிட்டு, அப்பால் சென்று அமர்ந்தார். அவர் கற்ற அந்த நாகரிகத்திற்கு எந்த மன்றமும் சான்றிதழ் தருவதில்லை.

திருமறையின் அல்பகரா அத்தியாயம், 168ஆம் வசனத்தில், மனிதர் உண்ண வேண்டியதைக் குறிக்கும்போது ஒரு சொல்லோடு நிறுத்தவில்லை. ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. முன்னது ஆகுமானது, பின்னது தூய்மையானது, நல்லது. முதற்சொல்லை நாம் இறுகப் பற்றியிருக்கிறோம். இரண்டாவது சொல்லை எங்கே வைத்திருக்கிறோம்?

ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், நம்மவர் நடத்தும் ஒரு கடையில் அமர்ந்திருந்தேன். சுவரிலே சான்றிதழ் கண்ணாடிக்குள் பளபளத்தது. கல்லின் முன்னே நின்ற இளைஞனுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். பேச்சிலே நம் பக்கத்து வாடை.

"எந்த ஊர் தம்பி?"

"கீழக்கரைப் பக்கம், மாமா."

"சாப்பிட்டாயா?"

"கடை சாத்தினாத்தான் மாமா. மத்தியானமும் நேரம் கிடைக்கல."

கல்லாவிலிருந்து ஓர் அதட்டல் வந்தது. அவன் திரும்பிக் கொண்டான். நாள் முழுதும் பிறர்க்கு உணவு சுட்டவன் பசியோடு நின்றான். அந்தப் பரோட்டாவில் ஹராமானது எதுவும் இல்லை; ஆனால் அது என் தொண்டையில் எளிதாக இறங்கவில்லை.

பணியாள் உணவைக் கொண்டுவந்தால் அவனையும் உடன் அமர்த்துங்கள், இயலாவிடில் அதிலிருந்து ஓரிரு கவளமேனும் கொடுங்கள், அதன் வெப்பத்தைத் தாங்கியவன் அவனல்லவா என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். அடுப்படியின் அனலை அறிந்த போதனை அது.

இப்போதனை வாழ்கின்ற கடையும் அங்கே உண்டு. தேக்காவுக்கு அருகில், அஸர் தொழுகைக்குப் பிந்திய ஓய்வு வேளையில், முதலாளி கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நடுவிலே ஒரு ஸஹன்; சுற்றிலும் சமையற்காரர், பரோட்டா மாஸ்டர், பாத்திரம் கழுவும் மலாய்ப் பெரியவர். நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்யாண வீடுகளில் காணும் அதே ஸஹன். யார் கை முதலாளியுடையது, யார் கை தொழிலாளியுடையது என்று சோற்றுக்குத் தெரியவில்லை. அக்கடையின் கறி சற்றே உப்புக் குறைவு. ஆயினும் மறுநாளும் அங்கேதான் சென்றேன்.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய செய்தியன்று. சென்னையிலும் மதுரையிலும் நம் சமுதாயத்தார் எத்தனையோ பிரியாணிக் கடைகளை நடத்துகிறார்கள். நம் பிள்ளைகள் பலர் அவற்றில் உழைக்கிறார்கள். கடை நடத்துவோர் அறுப்பைப் பார்ப்பதுபோல ஆளின் பசியையும் பார்க்கட்டும். வேளைக்கு உணவு, நாளைக்குச் சிறிது ஓய்வு, குறித்த தேதியில் கூலி ஆகியவற்றையும் சமையற் குறிப்பிலே சேர்த்துக் கொள்ளட்டும். உண்ணச் செல்லும் நாமும், இறைச்சியைப் பற்றி விசாரித்த பிறகு, அடுப்பருகே நிற்பவனிடம் "சாப்பிட்டாயா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்போம். முதலாளியின் காதில் விழும்படியாகவே கேட்போம்.