கோழிக்கு இல்லாத பிரிவு

2015இல் என்னிடம் வந்த ஒரு வழக்கில் செத்தது ஒரு மரநாய். அதற்கு முன்பே அதே கொல்லையில் பதினோரு கோழிகள் போயிருந்தன. வனத்துறை தாக்கல் செய்த புகார் மனுவில் கோழிகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. சட்டப்படி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

திண்டுக்கல் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் ஓர் ஊர். மலைமேல் வாழையும் காப்பியும். கீழே கொய்யா, புளி, முருங்கை. மரநாய்க்குப் பழம் பிடித்த சாப்பாடு, அடுத்து எலி, பூச்சி. ஆனால் தாழ்ந்த கிளையில் கோழி தூங்கிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டுப் போகாது. ஒருநாள் காலையில் வேலியோரம் கம்பிச் சுருக்கில் மாட்டி ஒரு மரநாய் செத்துக் கிடந்தது. யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மதியத்துக்குள் வனத்துறை ஜீப் வந்து, கட்டடத்துக்குக் கம்பி கட்டும் வேலை பார்த்த ஓர் இளைஞனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் அவன் தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை, கோபமாக இருந்தார்.

"வக்கீலய்யா, திருட வந்தது அது. புடிச்சுக்கிட்டுப் போனது எம் மகனை. இது என்ன ஞாயம்?"

எந்த மிருகம் வந்ததென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாடம் நடத்தினார். "பகல்ல குஞ்சைத் தூக்குனா பருந்து. முட்டை மட்டும் காணாமப் போனா கீரி, இல்லேன்னா பாம்பு. சத்தமே இல்லாம முழுக்கோழியும் போச்சுன்னா காட்டுப்பூனை. தலையில்லாம கெடந்தா மரநாய். அஞ்சு கோழி தலையில்லாமத்தான கெடந்துச்சு!" எனக்கு வாய்த்த எந்தப் புலன்விசாரணை அதிகாரியும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

அவருடைய ஞாயத்துக்கு அன்று நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடம் தேடிப் பார்த்தேன். 97ஆவது பிரிவு சொத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தந்தது. ஆனால் திருட்டு, கொள்ளை, சொத்தழிப்பு, அத்துமீறி நுழைதல் ஆகிய குற்றங்களுக்கு எதிராக மட்டும். மரநாய் குற்றம் செய்யாது. அது பசிக்குத் தின்கிறது, அவ்வளவுதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் 11ஆவது பிரிவு உண்டு: தன்னையோ இன்னொரு மனிதரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை. மனிதரோடு அது நின்றுவிடுகிறது. சொத்துக்கு ஆபத்தான விலங்கு என்றால், தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்தவரோ காரணம் எழுதி உத்தரவு தர வேண்டும். பதினோரு நாட்டுக்கோழிக்கு அந்த உத்தரவை வாங்கப் போனவர் யாரையும் நான் கண்டதில்லை.

இன்னொரு பக்கம் சட்டம் இரும்புப் பிடியாக இருந்தது. வேட்டை என்றால் துப்பாக்கி என்று மக்கள் நினைக்கிறார்கள். 2ஆவது பிரிவின் விளக்கப்படி கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, விஷம் வைப்பது, இவற்றுக்கான முயற்சி எல்லாமே வேட்டைதான். அப்போது மரநாய், கீரி, காட்டுப்பூனை, குள்ளநரி எல்லாம் இரண்டாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் இருந்தன. தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஏழு ஆண்டு. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றம் என்பதால் பணம் கட்டி இசைவாக முடித்துக்கொள்ளவும் வழியில்லை. சாராய வழக்கில் அபராதம் கட்டிப் பழகிய ஊருக்கு இது புரியவே இல்லை. "எவ்வளவு கட்டணும்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நடுவர் மன்றத்தில் ஜாமீன் கிடைக்கவில்லை. அமர்வு நீதிமன்றத்தில் கிடைத்தது.

கண்ணியை யார் வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது எதுவானாலும், சொல்லாதது எதுவானாலும், அன்றைய சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு என் வாயைக் கட்டிவிட்டது. நீதிமன்றத்தில் நிரூபணமானது என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

செத்தது மரநாய்தான் என்று கால்நடை மருத்துவர் உறுதியாகச் சொன்னார். அதில் நான் கை வைக்கவில்லை. சில வழக்கறிஞர்கள் அதைத் தெருப்பூனை ஆக்கப் பார்த்திருப்பார்கள். உடற்கூராய்வு அறிக்கையும் புகைப்படமும் கண்முன்னே இருக்கும்போது அப்படி வாதாடினால் நடுவர் அடுத்து நாம் சொல்வதையும் நம்ப மாட்டார்.

அரசுத் தரப்பில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, வீட்டிலிருந்து கைப்பற்றிய கட்டுக்கம்பி. கண்ணியில் இருந்ததும் அதே கம்பி என்றார்கள். கம்பி கட்டும் தொழிலாளி வீட்டில் கட்டுக்கம்பி இல்லாமல் வேறென்ன இருக்கும்? அந்தத் தெருவில் அவனோடு வேலைக்குப் போகிறவர்கள் பலர். கண்ணி இருந்த வேலி, மூன்று தோட்டங்களுக்குப் பொதுவான ஓடைப் புறம்போக்கில் இருந்தது. மகஜரில் கையெழுத்துப் போட்ட இருவரும், அலுவலகத்தில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்று சாட்சிக் கூண்டில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது, ஒப்புதல் வாக்குமூலம். வனத்துறை அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்பதால், போலீசிடம் சொன்னது செல்லாது என்ற வாதம் இங்கே எடுபடாது. இளம் வழக்கறிஞர்கள் இதில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவின் எட்டாம் உட்பிரிவைப் பார்க்க வேண்டும். சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரம் உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்குத்தான். இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் அதற்குக் கீழ்நிலையில் உள்ள ரேஞ்சர். குறுக்கு விசாரணையில் அவர் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர், சட்டத்தின் இந்த மூலையை யாரும் அவருக்குக் காட்டியிருக்கவில்லை.

கம்பி மகனின் வேலைப் பையிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்ல, தாயாரை எங்கள் தரப்புச் சாட்சியாக நிறுத்தினேன். நடுவர் கிராமத்துப் பெண்மணி போலிருக்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ராத்திரி கோழியெல்லாம் எங்கம்மா அடையும்?"

"குஞ்சுகளைப் பஞ்சாரம் போட்டு மூடிருவேங்கம்மா. பெருசெல்லாம் புளியமரத்துல ஏறிரும்."

"மரம் ஏறுற மிருகத்துக்கு மரத்துலயே வச்சுக் குடுத்தா?"

நீதிமன்றமே சிரித்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது, கோழி போன கோபம் அந்த வீட்டுக்கு இருந்தது என்று அரசு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வாரே என்று. அவர் பிடித்தார்தான். ஆனால் கோபம் மட்டும் சாட்சியம் ஆகாது. சந்தேகத்தின் பலனில் விடுதலை. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை.

நடுவர் கேட்ட கேள்விதான் அந்த வழக்கிலேயே சரியான கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன். கோழியின் பக்கம் சட்டம் இல்லை. பொழுது சாய்ந்ததும் கூண்டின் கதவை மூடிவிட்டால் எந்தப் பிரிவும் தேவையில்லை. அதை அந்தப் பையனிடம் சொன்னேன். அறுகோணக் கண் போட்ட கோழி வலை வேண்டாம். அது கோழி வெளியே போவதைத் தடுக்கும், பல் உள்ளே வருவதைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் போடு. அடியில் தோண்டி நுழையாதபடி வலையை வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண்ணில் புதை. மேலேயும் மூடு. தள்ளினால் திறக்கும் கொக்கி வேண்டாம், தூக்கி இழுத்தால் மட்டும் திறக்கும் தாழ்ப்பாள் வை. பகலில் குஞ்சு மேயும் இடத்தில் மேலே பழைய மீன்வலையைக் கட்டு, பருந்து இறங்காது. கம்பி கட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வன உயிரினச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, ஆறு அட்டவணைகள் நான்காகிவிட்டன. அபராதத் தொகைகளும் ஏறிவிட்டன. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பழைய அட்டவணையை வைத்து ஜாமீன் மனு எழுத உட்காராதீர்கள்.

என் கட்டணத்தின் கடைசித் தவணையைத் தாயார்தான் கொண்டுவந்தார். எண்ணிப் பார்த்தேன், குறைந்தது. கேட்டதற்கு, "நீங்க சொன்னீங்கன்னுதான வலை வாங்குனோம், அதக் கழிச்சுக்கிட்டேன்" என்றார். கோழிக்கூண்டு முழுவதற்கும் என்ன செலவானது என்று கணக்குச் சீட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார்.