அடிக்கத் தெரிந்தவர்களின் அகிம்சை

பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரம் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் வாலியிடம் வந்து நிற்கும். கிஷ்கிந்தை வாலி இங்கே வந்து சிவனை வழிபட்டான் என்பது தலபுராணம். சுவாமியின் பெயரே வாலீஸ்வரர். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் என்ற பெருமையும் ஊருக்கு உண்டு. ஆனாலும் மண்டபத்துப் பேச்சில் சூடு பிடிப்பது சாகும் தறுவாயில் வாலி கேட்ட கேள்விதான். மறைந்து நின்று அம்பு விட்டது முறையா? ராமனுக்காகப் பேச ஒருவர் இருப்பார், வாலிக்காக வாதாட இன்னொருவர் இருப்பார். வழக்கு முடிந்ததே இல்லை. ஜெயித்தால் போதுமா, ஜெயித்த வழியும் சுத்தமாக இருக்க வேண்டுமா என்பதுதான் அதன் சாரம்.

இந்த மண் போரை அறியாத மண்ணல்ல. நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751இல் இந்தப் பக்கத்தில்தான் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு புறம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறு புறம் என்று மோதினார்கள். ஆங்கிலப் படை பின்வாங்கித் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆர்க்காட்டு நவாப் பட்டம் யாருக்கு என்ற சண்டை அது. இங்கே ஏர் பிடித்தவனுக்கு அதில் ஒரு பிடி தானியம் கூடுதலாகக் கிடைத்திருக்கப் போவதில்லை.

மண்டபத்துக் கேள்வி ஒரு நாள் வேறு வடிவில் என்னிடமும் வந்தது. காந்தி ஜெயந்தியை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “திருப்பி அடிக்கத் தெம்பில்லாதவங்கதானே சார் அகிம்சைன்னு சொல்லுவாங்க?” மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அந்தக் கேள்விக்குப் புத்தக வாசகங்களால் பதில் சொல்ல முடியாது. ஒரு மனிதரைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். நான் காட்டியது டாக்டர் தி. சே. சௌ. ராஜனை. பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அந்தக் கணக்கில் அவர் நம் மாவட்டத்துத் தலைவர்.

ராஜன் 1880இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து, பர்மாவில் வேலை பார்த்து, மேல்படிப்புக்காக லண்டன் போனார். அங்கே அவருக்கு நெருங்கிய துணை, திருச்சி வரகனேரியிலிருந்து வந்திருந்த வ. வே. சு. ஐயர். சாவர்க்கர் உள்ளிட்ட புரட்சிக்காரர்கள் கூடிய இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருவரும் பழகினார்கள். வெள்ளைக்காரனைத் துப்பாக்கியால்தான் விரட்ட முடியும் என்று அந்த இளைஞர்கள் மனதார நம்பிய காலம். 1909 ஜூலையில் மதன்லால் திங்க்ரா லண்டனிலேயே ஆங்கிலேய அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டார்.

அந்த அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் விஜயதசமி விருந்து ஒன்று ஏற்பாடு செய்தார்கள். தலைமை தாங்க, தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக வாதாட வந்திருந்த காந்தியை அழைத்தார்கள். சாப்பாடு சைவமாக இருக்க வேண்டும், சர்ச்சைக்குரிய அரசியல் பேசக் கூடாது என்று நிபந்தனை போட்டு அவர் ஒப்புக்கொண்டார். சமையல் பொறுப்பில் ராஜனும் இருந்தார். அடுப்படி பரபரப்பாக இருந்த நேரத்தில் ஒல்லியான ஒருவர் வந்து, நானும் கூடமாட உதவுகிறேன் என்று நின்றார். யாரோ தொண்டர் என்று நினைத்து வேலை கொடுத்தார்கள். அவர் பாத்திரம் கழுவினார், காய் நறுக்கினார். அங்கே வந்த ஐயர் பார்த்துத் திகைத்த பிறகுதான், இவ்வளவு நேரம் தட்டு கழுவியவர்தான் விருந்தின் தலைவர் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. போதும் என்று தடுத்தும் அவர் கையிலிருந்த வேலையை விடவில்லை. பிற்காலத்தில் ராஜனே சொல்லிய சம்பவம் இது.

அந்த ஒரு மாலையில் யாரும் மனம் மாறிவிடவில்லை. ஐயர் புதுச்சேரிக்கு வந்து வாஞ்சிநாதன் போன்றவர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கினார். 1911இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். ராஜன் 1914இல் ஊர் திரும்பி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஆனால் அடுத்த பத்தாண்டுக்குள் இருவருமே காந்தியின் பாதைக்கு வந்து சேர்ந்தார்கள். துப்பாக்கி பழக்கிய ஐயர், பல்லாரி சிறையில் உட்கார்ந்து கம்பராமாயண ஆராய்ச்சி எழுதினார். இருவரும் ஆயுத வழியின் சூட்டை அருகிலிருந்து அறிந்தவர்கள், அதன் கணக்கையும் பார்த்தவர்கள். ஓர் அதிகாரியைச் சுட்டால் அவன் நாற்காலிக்கு மறுநாள் இன்னொருவன் வருவான். கோடிக்கணக்கான சாதாரண ஜனங்களுக்கு அதில் செய்ய வேலை ஏதும் இல்லை. அகிம்சைப் போரில் எல்லோருக்கும் வேலை இருந்தது.

அதை 1930இல் தமிழ்நாடு கண்ணாரக் கண்டது. ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த அதே தேதி. ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் உப்புச் சத்தியாகிரகத்துக்குத் திருச்சியில் ராஜனின் வீட்டிலிருந்துதான் புறப்பட்டார்கள். வேதாரண்யம் வரை 150 மைல் நடை. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் சிறை என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் கலெக்டரை எதிர்த்து ஒரு கல்கூட எறியவில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். போட்டது யார் என்று மரத்தையா கேட்க முடியும்? வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கழுத்தருகே கத்தி இருந்தது, கை ஓங்கவில்லை. அந்த மனிதர் தெம்பில்லாதவரா? மறுத்தால் சிறை என்று தெரிந்தே மறுத்தார், சிறைக்கும் போனார். ஏப்ரல் 30இல் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். ராஜனும் அந்தப் போராட்டத்தில் சிறை சென்றார்.

ராஜனின் குணத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது, ஜெயிலோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை என்பது. தமிழ்நாட்டு ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவராக இருந்து, 1934இல் காந்தி தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டைச் சுற்றியபோது கூடவே நடந்தார். ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பத்துப் பிள்ளை, சேரிக்குள் போய் நின்றார். வெள்ளைக்காரனை எதிர்ப்பதைவிடச் சொந்தத் தெருவை எதிர்ப்பது கஷ்டம். அந்தத் தைரியம் அவருக்கு இருந்தது. 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் பொதுச் சுகாதார அமைச்சரானார். 1939இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அந்தக் காலத்தில் உருவானது. நாட்டிலேயே அந்த வகையில் முதல் சட்டம் அது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் என்று பேசும் சட்டம். சுதந்திரப் போர் வீரர் ஒருவர் அதிகாரம் கைக்கு வந்ததும் எதிரியைத் தேடாமல் காலராவைத் தேடிப் போனார். 1953இல் காலமானார்.

இன்று நம் ஊர்ப்பக்கம் திருவிழா வந்தால் எந்தத் தெருவில் தேர் திரும்பும் என்பதற்கே மண்டை உடைகிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டு வயிறு வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள், முன்பின் தெரியாத யாரோ செல்போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கட்டை எடுக்கிறார்கள். வழக்கு, வாய்தா என்று பெரம்பலூருக்கு அலைந்து அவர்கள் இழக்கும் வருஷங்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அவர்களுக்கு வீரம் கூடாது என்று உபதேசம் செய்தால் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். வீரம் வேண்டியதுதான். வாலி கேட்ட கேள்வியை மட்டும் ஒவ்வொரு முறையும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள அவர்கள் பழக வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். காந்தியைச் சிலையாகக் காட்டாதீர்கள், தட்டு கழுவியவராகக் காட்டுங்கள். கூடவே ஐயரையும் ராஜனையும் வைரப்பனையும் சொல்லுங்கள். அகிம்சை என்பது அடிக்க முடியாதவன் கடைசியில் ஒதுங்கும் திண்ணை அல்ல. அடிக்க முடிந்தவன் யோசித்து எடுத்த முடிவு. இதை நம் பிள்ளைகள் பதினைந்து வயதுக்குள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு சொன்னால், பல பேருக்கு அது காலம் கடந்த செய்தியாகிவிடும்.